மேட்டுப் பங்கு

பதுளை
14.01.2024

அன்பின் மர்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் ஷுக்ரி மச்சானும், கண்டியில் படிப்பிக்கும் ஹனா மகளும் சுகம்தானா? நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்து, என் இத்தா போன கிழமை முடிந்தது. உன் நானா இல்லாத வீட்டில் இத்தனை நாள் எப்படிக் கழிந்தது என்று எனக்கே தெரியவில்லை.

போன் எடுத்தால் மச்சான்தான் பேசுகிறார். நீ தொழுகிறாய், குளிக்கிறாய், படுத்திருக்கிறாய் என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் ஹாலிஎலக் காணி. யாரும் உனக்கு முழுதாகச் சொன்னார்களோ தெரியாது. நாலு வருடத்துக்கு முன் உன் நானா அந்தக் காணியை ரெங்கசாமி என்பவருக்கு விற்பதாக உடன்படிக்கை எழுதினார். ரெங்கசாமி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிக் காசு முழுவதையும் முற்பணமாகக் கொடுத்துவிட்டு, தோட்டத்து லயத்து அறையைக் காலி பண்ணி, பெண்சாதி கருப்பம்மாவோடு காணிக்குக் குடிவந்தார். மிச்சத்தைக் கொடுத்ததும் காணி உறுதியை அவர் பேருக்கு எழுதுவதாகப் பேச்சு.

இத்தா முடிந்து வெளியில் இறங்கிய முதல் நாளே அதற்காக நானும் ரெங்கசாமியும் உறுதி எழுதும் நொத்தாரிஸிடம் போனோம். அவர் பழைய உறுதியைப் பார்த்துவிட்டு, காணி இன்னும் வாப்பாவின் பேரில்தான் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு மகளுக்கு உரியது, மர்லியாவின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. காணி முழுவதும் தனக்கே என்றுதான் உன் நானா என்னிடமும் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் வந்து கையெழுத்து வைத்துத் தருவாயா? உன் பங்குக்குரிய காசு உனக்கு வரும். உன் நானாவின் மீது உனக்கு மனத்தாங்கல் இருந்தால் அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். கபுறில் இருப்பவருக்கு அதை ஹலாலாக்கி விடு.

துஆவுடன்,
மதினி ஸகீனா


மாவனல்லை
02.02.2024

மதிப்புக்குரிய மதினி அவர்களுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கும் பிரார்த்திக்கிறோம்.

மேற்படி காணி தொடர்பான தங்கள் கடிதம் கிடைத்தது. எனது பங்கினை விற்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. எனது அனுமதி பெறாமல் செய்யப்பட்ட உடன்படிக்கை என்னைக் கட்டுப்படுத்தாது. குடியிருப்பவர் காணியை விட்டு வெளியேறி ஒப்படைக்க வேண்டும். அங்கே அவர் ஏதேனும் வேலைகள் செய்திருந்தால் அவற்றுக்கு நான் பொறுப்பாளி அல்ல.

இப்படிக்கு,
மர்லியா


பதுளை
11.02.2024

அன்பின் மர்லியா,

உன் மீது ஸலாம் உண்டாகட்டும். நான் சுகம். இங்கே பனி இன்னும் விடவில்லை, முழங்கால் வலிக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் ‘மேற்படி காணி’ என்று எழுத நீ எங்கே பழகினாய்? நம்முடைய வாப்பாவின் காணி என்று எழுதுகிறவள் அல்லவா நீ?

விற்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வழி சொல்ல வேண்டுமே. நேற்று காணிக்குப் போயிருந்தேன். உனக்கு அந்த இடம் நினைவிருக்கும், ஆள் உயரத்துக்கு மானாப்புல் நின்ற சரிவு. இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. படிப்படியாகக் கல் கட்டி மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு கல்லையும் அந்த மண்ணிலிருந்தே தோண்டியிருக்கிறார்கள். மேலே காட்டோரத்திலிருந்து ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். மிளகு பிடித்துவிட்டது. ஆனைக்கொய்யா இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. இரண்டு அறை வீடு. காட்டோர மேட்டை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். கருப்பம்மா சாணி மெழுகி வைத்திருந்த முற்றத்தில் கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விற்பனை நடக்காது என்று சொன்னேன். ரெங்கசாமி சத்தம் போடவில்லை. இத்தனை வருடம் தொழிற்சாலை இரைச்சலில் இருந்ததால் அவருக்குக் காது மந்தம். கருப்பம்மா காதருகில் குனிந்து திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மொதலாளியம்மா, நாங்க வாங்குனது மானாப்புல்லு தாங்க. அதத் திருப்பிக் கேட்டா எங்கேருந்து குடுக்கிறது?” என்றார்.

அவர்களுடைய சட்டத்தரணியைப் பார்த்தேன். முற்பணம் போக, நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்கும் உரிய பெறுமதியைக் கொடுக்க வேண்டுமாம். அது கிடைக்கும்வரை காணியில் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டாம். அந்தப் பெறுமதியைக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? முற்பணம் உன் நானாவின் வைத்தியத்தோடு போய்விட்டது. நீயே ஒரு யோசனை சொல். மச்சான் சொல்வது வேண்டாம், நீ சொல்.

அன்புடன்,
ஸகீனா


மாவனல்லை
09.03.2024

அன்பின் மதினிக்கு,

ஸலாம். உங்கள் முழங்கால் வலி எப்படி? நோன்பு வருகிறது, உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதம் பற்றி இங்கே ஆலோசித்தோம். அந்தக் குடும்பத்தின் உழைப்புக்கு உரியதைக் கொடுப்பதே நியாயம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் காணியையும் வீட்டையும் மதிப்பீட்டாளர் வந்து அளக்க வேண்டும். வீடு ஒழிந்திருந்தால் வேலை இலகு. ஒரு பத்து நாளைக்கு அவர்கள் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கினால் போதும். தாங்கள் சொன்னால் கேட்பார்கள். எந்தத் தேதியில் போகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே அறியத் தரவும்.

அன்புடன்,
மர்லியா


பதுளை
17.03.2024

அன்பின் மர்லியா,

ரமழானின் பரக்கத் உன் வீட்டில் நிறையட்டும். உன் கடிதம் நோன்புக்கு முதல் நாள் கிடைத்தது. வாசித்ததும் சுஜூதில் விழுந்தேன். நீ நியாயத்தை விட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாளே ஹாலிஎலக்குப் போய்ச் சொன்னேன். ரெங்கசாமி தயங்கினார். “வக்கீலய்யா வீட்ட விட்டு எறங்காதீங்கன்னு சொன்னாருங்க” என்றார். கருப்பம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, இருபத்தெட்டாம் திகதி பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். அது முடிந்ததும் அப்படியே கொழும்புக்கு, மகன் கஜேந்திரன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்து வாருங்கள், காணிக்கு நான் பொறுப்பு என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க பொறுப்புன்னா சரிதாங்க. வேற பேச்சு இல்ல” என்றார்.

ஆகவே இருபத்தேழாம் திகதி பின்னேரத்திலிருந்து வீடு ஒழிந்திருக்கும். மதிப்பீட்டாளரை அனுப்பலாம். மச்சானுக்கும் என் ஸலாத்தைச் சொல்.

அன்புடன்,
ஸகீனா


கண்டி
24.03.2024

என் மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, மன்னியுங்கள். ஹனாவோடு இரண்டு நாள் நோன்பு திறக்க வந்த இடத்தில் எழுதுகிறேன். இதற்கு மாவனல்லைக்குப் பதில் போட வேண்டாம். ஹனாவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அவர்களை வீட்டை விட்டு இறங்க விடாதீர்கள்.

மதிப்பீட்டாளர் யாரும் வரப்போவதில்லை. அந்த இரண்டு கடிதமும் என் கையால் எழுதியது, ஆனால் இவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. உங்கள் கடிதங்களையும் இவர்தான் முதலில் பிரிப்பார். உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு யாரிடமோ போனில் பேசினார். “அவங்களாப் போயிட்டாப் போதும். பூட்டப் போட்டுட்டா அப்புறம் ஒழச்சதுக்குக் காசு தா எண்டு நிண்டு கேக்க ஏலாது” என்றார். காணியைத் தண்ணீரோடும் மரத்தோடும் சும்மா எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார், மதினி.

ஹனாவின் போனில் பேசலாம்தான். பேசினால் அவள் கேட்டுவிடுவாள். வாப்பா இப்படிப்பட்டவர் என்று பிள்ளை என் வாயால் அறிய வேண்டாம். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும்.

நாளை மறுநாள் திரும்பிப் போய்விடுவேன்.

உங்கள்
மர்லியா


பதுளை
06.04.2024

அன்பின் மர்லியா,

உனக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். நீ அங்கே எப்படி இருக்கிறாயோ என்று மனம் பதைக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் சட்டத்தரணியிடம் ஓடினேன். அவர்கள் சார்பில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், வீடு ஒழியக் கூடாது என்றார். கஜேந்திரனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒப்பரேஷனைத் தள்ளினால் கருப்பம்மாவுக்கு மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது. ரெங்கசாமி போகமாட்டேன் என்றார். “அவ போகட்டுங்க, நான் இருக்கேன்” என்றார். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கவா? பொறுப்பு என்று சொன்னவள் நான்தானே. இரண்டு உடுப்பையும் தொழுகைப் பாயையும் எடுத்துக்கொண்டு நானே அங்கே போய்த் தங்கினேன்.

கருப்பம்மா போகும்போது, “அரிசிப் பானையில கை வச்சிராதீங்கம்மா, நீங்க எங்க வீட்டுல சமைக்கிறதா?” என்று அழுதாள். விடியுமுன் ஸஹருக்குச் சமைக்காமல் என்ன செய்வது? அவள் அரிசியைத்தான் சமைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வேன் வந்து நின்றது. மச்சானும் இரண்டு பேரும். ஒருவன் கையில் பூட்டும் சங்கிலியும். நான் வாசலில் நின்றேன்.

“நீங்க இங்க என்ன செய்யிற மதினி?”

“விருந்தாளியா வந்தீக்கிறேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்.”

“வீட்டுக்காரரா? இது நம்மட காணி.”

“காணி நம்மட. வீடு அவங்கட. உள்ளுக்கு வாரதெண்டா அவர் வந்த பொறகு அவர்ட்ட கேட்டுட்டு வாங்க.”

“ஒங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்த?”

சட்டத்தரணி சொன்னார் என்றேன். நோன்போடு பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லித்தானே இருந்தார். மச்சான் வேனில் ஏறும்போது, “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. ஒரு வரி எழுது.

ஸகீனா


பதுளை
02.05.2024

அன்பின் மர்லியா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மாவனல்லைக்குப் போன் எடுத்தால் இலக்கம் வேலை செய்யவில்லை என்கிறது.

கருப்பம்மாவின் கட்டு அவிழ்த்தார்கள். பார்வை முழுவதும் வரவில்லை, நிழல் மாதிரித் தெரிகிறதாம். ஆனாலும் மிளகு பறிக்கக் கை போகிறது. யார் என்னை எச்சரித்தது என்று ரெங்கசாமி ஒரு நாளும் கேட்கவில்லை. “அந்தத் தங்கச்சியம்மா நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு விளங்கியிருக்கிறது.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

ஸகீனா


பதுளை
29.05.2024

மர்லியா,

நேற்று ஹனாவோடு பேசினேன். “உம்மா சுகம், எழுதுவாங்க மாமி” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பிள்ளையை வற்புறுத்த மனம் வரவில்லை. நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பதுளையில் உனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதை மறந்துவிடாதே.

ஸகீனா


கண்டி
22.06.2024

அன்பின் மதினிக்கு,

உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும். உடம்பு சுகம். ஹஜ்ஜுப் பெருநாளை இங்கே ஹனாவின் அறையில் கழித்தேன். அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனாலும் காற்று வருகிறது.

இவருக்குத் தெரிய வந்தது எப்படி என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான்தான் சொன்னேன். பதுளையிலிருந்து திரும்பி வந்து கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதன் பிறகு நோன்புப் பெருநாள்வரை அந்த வீட்டில் நடந்ததை எழுதமாட்டேன், நேரில் கண்டாலும் கேட்காதீர்கள். பெருநாளுக்கு அடுத்த நாள் ஹனா வந்து என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளிடம் மறைக்க நினைத்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இப்போது காணி. என் பங்கை நான் விற்கவில்லை. இந்த வயதில் என் பேரில் ஒரு துண்டு மண் வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அவர்கள் கை பட்ட மண் எனக்கு வேண்டாம். மேலே காட்டோரமாக அவர்கள் திருத்தாமல் விட்ட மேடு இருக்கிறதல்லவா, அதை என் பங்காக அளந்து பிரித்துவிடுங்கள். கல் கட்டு, தொட்டி, மரம், வீடு எல்லாம் நானாவின் பங்குக்குள் விழட்டும். அதை நீங்கள் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்போது அவர்களுடைய உழைப்புக்கு யாரும் யாருக்கும் காசு தேட வேண்டியதில்லை.

நானாவை மன்னிக்கும்படி முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்றும் பதில் எழுத முடியவில்லை.

உங்கள்
மர்லியா


பதுளை
14.07.2024

அன்பின் மர்லியா,

வஅலைக்கும் ஸலாம். நீ உயிரோடு, உன் குரலோடு எழுதினாயே, அது போதும் எனக்கு.

உன் யோசனையைச் சட்டத்தரணி உடனே ஒப்புக்கொண்டார். என் மகன் ஆகில், தனக்காக நான் கையெழுத்து வைக்கக் கட்டாரிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பிவிட்டான். முழுக் காணிக்கும் என்று அவர்கள் கொடுத்த முற்பணமே இந்தப் பங்கின் விலைக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மண்ணுக்கு மட்டும் விலை. அவர்கள் உழைப்பை அவர்களுக்கே விற்க நான் யார்?

ரெங்கசாமியிடம் சொன்னபோது கருப்பம்மா இரண்டு முறை காதில் கத்த வேண்டியிருந்தது. கேட்டு முடிந்ததும் அவர் எழுந்து மிளகுக் கொடிகளுக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், ஒரு தடங்கல் சொன்னார்.

“ஊத்து மேட்டுல இருக்குங்கம்மா. அது இனி அந்தம்மாவோட மண்ணு. அவுங்கள கேக்காம நாங்க எப்புடித் தண்ணி எடுக்கிறது?”

முன்பு எடுத்த தண்ணீர்தானே, மர்லியா ஒன்றும் சொல்லமாட்டாள் என்றேன். அவர் விடவில்லை.

“அப்புடிச் சொல்லாதீங்க. கேக்காம செஞ்சதாலதானே இவ்வளவும் வந்துச்சு. தண்ணி எடுத்துக்கட்டுமான்னு நான் கேட்டதா எழுதுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும், நாங்க வேற வழி பாக்குறோம்.”

ஆகவே அவர் கேட்டதாக எழுதுகிறேன். உன் விருப்பம் எதுவோ அதைச் சொல். ஆகஸ்டில் அளவு முடிந்துவிடும். நொத்தாரிஸ் முன்னால் நீ நேரில் வர வேண்டும். ஹனாவையும் கூட்டி வா. என் வீட்டில் தங்கலாம்.

அன்புடன்,
ஸகீனா


கண்டி
08.09.2024

அன்பின் மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் ஹனா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், நான் கண்டி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் கட்டித் தந்த சோறு அப்படியே சூடாக இருந்தது.

நொத்தாரிஸின் அறையில் நீங்கள் என் பக்கத்திலேயே இருந்தீர்கள். ஆனாலும் ஒன்றை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். உறுதியை வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்தப் பிரிப்புக்கும் தண்ணீர் உரிமைக்கும் உங்களுக்குச் சொந்த மனதோடு சம்மதம்தானா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அவருக்கு. எனக்கு அப்படி இல்லை. என் கல்யாணத்துக்கு வாப்பா சம்மதம் சொன்னார். வாப்பாவின் காணிக்கு நானா கையெழுத்து வைத்தார். கடிதத்துக்கு இவர் வசனம் சொன்னார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்ததற்குக் காரணம் பயமல்ல, மதினி. அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் காதில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வெளியே படிக்கட்டில் ரெங்கசாமி என் காலில் விழப் போனார். தடுத்துவிட்டேன். கருப்பம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணருகே இழுத்துப் பார்த்தாள். “இப்பத்தான் தெரியிறீங்க” என்றாள்.

மேட்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. அங்கே ஒரு அறை கட்டலாம் என்கிறாள் ஹனா. பார்க்கலாம்.

நானாவைப் பற்றி. ஊற்றுத் தண்ணீருக்கு அந்த மனிதர் என்னிடம் கேட்டாரே, அது மாதிரி நானா ஒரு தரம் என்னைக் கேட்டிருந்தால், முழுக் காணியையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அன்று உங்கள் வீட்டில் லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தியபோது, நான் நினைக்காமலே அவருடைய பேர் வாயில் வந்தது. வந்ததை நிறுத்தவில்லை. இதைத்தான் இன்றைக்கு எழுத முடியும்.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். குளிரில் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
மர்லியா